முகத்து வலிக்கு எத்தனை சதவீதம்?

என் தம்பி இட்லி சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் மனசு கேட்காது. சாம்பாரை ஆறவிட்டு, இட்லியை அதில் ஊறப்போட்டு, கரண்டியால் நன்றாக மசித்து, வலது கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவான். இடது பக்க மேலுதட்டில் ஒரு சொட்டுப் பட்டுவிட்டால் போச்சு. கரண்டியைப் போட்டுவிட்டு மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். கண்ணை இறுக மூடிக்கொள்வான். பேச்சே இருக்காது. பத்துப் பதினைந்து நொடி கழித்து, "ம்… போயிருச்சுக்கா" என்பான். சில நாள் அது போன சுருக்கில் திரும்ப வரும்.

அவன் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவன். தமிழ்ப் பையன் எப்படி அங்கே போனான் என்று எல்லோரும் கேட்பார்கள். 2009-ல் 'மாவ்னி' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கிரீன் கார்டு இல்லாமல் சட்டப்படி அங்கே தங்கியிருந்தவர்களில், ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்தவர்களையும் மருத்துவத் துறையினரையும் சேர்த்துக்கொண்டு, விரைவாகக் குடியுரிமை கொடுத்த திட்டம். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. மேற்படிப்புக்கு வந்திருந்தவன் 2010-ல் சேர்ந்துவிட்டான். 2012-ல் ஆப்கானிஸ்தானில் அவன் போன வண்டி சாலையோரக் குண்டில் சிக்கிக் கவிழ்ந்தது. இடது கன்ன எலும்பு உடைந்து, தகடு வைத்துச் சரிசெய்தார்கள். அப்போது கன்னம் மரத்துத்தான் போயிருந்தது. உயிர் பிழைத்து வந்தானே, அதுவே போதும் என்று அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டார். மரத்த இடம் வலிக்க ஆரம்பித்தது அப்புறம்தான்.

முகத்தில் உணர்ச்சியைச் சுமந்து போகும் நரம்புக்கு முக்கிளை நரம்பு என்று பெயர். மூளையிலிருந்து வரும் நரம்புகளில் ஐந்தாவது. ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், இன்னொன்று கீழ்த்தாடைக்கும் போகிறது. தம்பிக்கு அடிபட்டது நடுக்கிளை. இந்த நரம்பு கெட்டுவிட்டால் தொடுவதெல்லாம் அடியாக மாறிவிடலாம். பல் துலக்குவது, சவரம் செய்வது, கொட்டாவி விடுவது, காற்று படுவது எல்லாமே. மின்சாரம் பாய்வது போல என்றுதான் பெரும்பாலும் எல்லோரும் சொல்கிறார்கள், அவனும் அதையேதான் சொன்னான். நாங்கள் இருப்பது சான் அன்டோனியோவில். டெக்சாஸ் வெயிலில், அதுவும் மே மாதத்தில், முகத்தில் துணி சுற்றிக்கொண்டு நடப்பான்.

மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதற்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் கார்பமாசெபின். ஆசிய வம்சாவளியினரில் சிலருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்கும். அவர்களுக்கு இந்த மாத்திரை தோலையே உரித்துவிடும் அளவுக்கு ஒவ்வாமையைக் கொண்டுவரலாம். 2007-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. தம்பிக்கு ரத்தம் எடுத்து அந்த மரபணு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாத்திரையை ஆரம்பித்தார்கள். நம் ஆட்கள் யாருக்காவது இந்த மாத்திரையை எழுதினால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலி குறைந்தது. ஆனால் பகல் பூராவும் தூக்கம், நடையில் ஒரு தள்ளாட்டம். மூன்று வாரம் நான்தான் வண்டி ஓட்டினேன்.

இனி சதவீதக் கதை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறையை எல்லோரும் 'விஏ' என்பார்கள். பணியில் இருந்தபோது வந்த, அல்லது பணியால் வந்த உடல்குறைக்கு அவர்கள் மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்கள். எவ்வளவு என்பதை ரேட்டிங் தீர்மானிக்கும். பூஜ்யத்தில் தொடங்கி நூறு வரை, பத்துப் பத்தாக. 2025 கணக்குப்படி தனி ஆளுக்குப் பத்து சதவீதத்துக்கு மாதம் 175.51 டாலர், முப்பதுக்கு 537.42, ஐம்பதுக்கு 1,102.04. வரி கிடையாது. முப்பதும் அதற்கு மேலும் இருந்தால் மனைவி, பிள்ளைகள், தன்னை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடும்.

இந்தச் சதவீதம் வலியின் அளவு இல்லை. இது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது. இந்த நோய் ஒரு மனிதனின் சம்பாதிக்கும் திறனைச் சராசரியாக எவ்வளவு குறைக்கும் என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. அதற்கான அட்டவணையின் அடிப்படை 1945-ல் போட்டது. எத்தனையோ முறை திருத்தியிருக்கிறார்கள், ஆனால் எலும்புக்கூடு அதேதான்.

அந்த அட்டவணையில் முக்கிளை நரம்புக்கு மூன்று எண்கள் உண்டு. நரம்பு செயலிழந்திருந்தால் 8205, அழற்சி என்றால் 8305, வலி என்றால் 8405. மூன்றுக்கும் ஒரே படிக்கட்டுதான். முழுச் செயலிழப்புக்கு ஐம்பது, அரைகுறைச் செயலிழப்பு கடுமையாக இருந்தால் முப்பது, மிதமாக இருந்தால் பத்து. ஐம்பதுக்கு மேலே படியே கிடையாது. ஒரு மனிதன் வாயைத் திறக்க முடியாமல் வாரக்கணக்கில் கஞ்சி குடித்தாலும் இந்த எண்ணின் கீழ் ஐம்பதைத் தாண்ட முடியாது.

கடுமை என்றால் என்ன, மிதம் என்றால் என்ன? விதி சொல்லவில்லை. உணர்ச்சி எவ்வளவு கெட்டிருக்கிறது, தசை எவ்வளவு செயலிழந்திருக்கிறது என்பதைப் பொறுத்து என்று ஒரு குறிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். பத்துக்கும் முப்பதுக்கும் நடுவே இருக்கிற அந்த 362 டாலரும் இந்த இரண்டு சொற்களில் தொங்குகிறது.

தாடை மூட்டுக் கோளாறுக்கு அப்படி இல்லை. அது 9905. அதற்கு அளவுகோல் இருக்கிறது, நிஜமான அளவுகோல். தம்பியின் மூட்டையும் பார்த்தார்கள். பரிசோதித்த மருத்துவர் அம்மா மேல்பல் நுனிக்கும் கீழ்ப்பல் நுனிக்கும் இடையே சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து, "இன்னும் கொஞ்சம் திற, இன்னும் கொஞ்சம்" என்றார். 38 மில்லிமீட்டர். 34 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் வாய் திறக்கும் அளவுக்கான கணக்கே தொடங்கும். 2017-ல் இதைத் திருத்தியபோது உணவையும் சேர்த்தார்கள். 30-லிருந்து 34 வரை திறக்கிறது, சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை என்றால் பத்து. மென்மையான சாப்பாடுதான் இறங்கும் என்று மருத்துவர் பதிவு செய்திருந்தால் இருபது. கூழாக்கித்தான் சாப்பிட வேண்டும் என்றால் முப்பது. நான் இதைப் படித்தபோது எனக்கு ஏக்கமாகத்தான் இருந்தது. இட்லியைக் கரைத்துக் குடிப்பவனுக்கு அந்தக் கணக்கு இல்லை, ஏனென்றால் அவன் மூட்டு நன்றாக இருக்கிறது. நரம்புக்குள் எந்த ஸ்கேலை வைப்பது?

அளவுகோல் இல்லாத இடத்தில் சொல்தான் அளவுகோல் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். விண்ணப்பித்தவரை ஒரு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 'சி அண்ட் பி எக்ஸாம்' என்பார்கள். இது வைத்தியம் இல்லை; நோயைப் பார்த்துப் பதிவு செய்வது மட்டும்தான். மண்டை நரம்புகளுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. வலி தொடர்ந்து இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, மரத்துப் போகிறதா, ஒவ்வொன்றும் லேசா மிதமா கடுமையா என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். தம்பி போன நாள் நல்ல நாள். முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தான். விருந்துக்குப் போவதுபோல் இஸ்திரி போட்ட சட்டை. சவரம் செய்யாதே என்று நான் சொல்லியும் கேட்காமல் இடது கன்னத்தையும் வழித்திருந்தான். அதற்கு அரை மணி நேரம் குளியலறையில் என்ன பாடு பட்டான் என்பது எனக்குத் தெரியும். அந்த மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறான். ஆங்கிலத்தில்தான் சொன்னான், ஆனால் அது நம் ஊர்ப் பரவாயில்லைதான். காலை வெட்டி எடுத்திருந்தாலும் வீட்டுக்கு வந்தவரிடம் நாம் சொல்வோமே, அந்தப் பரவாயில்லை. ராணுவம் அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசியிருந்தது. வலிக்கிறது என்று சொல்கிறவனைப் பட்டாளத்தில் யாருக்குப் பிடிக்கும்?

அறிக்கையில் 'மிதமானது' என்று வந்தது. பத்து சதவீதம். அந்த அறிக்கையில் பிழை ஒன்றும் இல்லை. அவன் சொன்னதைத்தான் அவர் எழுதியிருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் எல்லாம் அவன்மேல்தான். "ஏன்டா, உனக்கு வாய் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, மாடிக்குப் போய்விட்டான். அதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அதற்கப்புறம் நான் விதிகளைப் படிக்க ஆரம்பித்தேன். இரவு சமையலறையை ஒழுங்கு பண்ணிவிட்டு, பதினோரு மணிக்கு மேல். அப்படிப் படித்ததில் கிடைத்த ஒரு பத்தியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முகத்து வலிக்காரர்களுக்கு அதுதான் கதவு. அந்த அட்டவணை விதிகளில் பிரிவு 4.124. சாதாரண நரம்பு வலி என்றால், எந்த நரம்பாக இருந்தாலும், 'மிதம்' என்ற படிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது அது. முகத்தைப் பொறுத்தவரை பத்தோடு சரி. ஆனால் அடுத்த வரியிலேயே ஒரு விலக்கு. 'டிக் டூலூரூ' என்றால் முழுச் செயலிழப்பு வரைக்கும், அதாவது ஐம்பது வரைக்கும் போகலாம். 1756-ல் நிக்கோலா ஆந்த்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர் முக்கிளை நரம்பு வலிக்கு வைத்த பெயர் அது. வலி வரும்போது முகம் வெட்டி இழுப்பதைப் பார்த்து வைத்தார். இன்றைய மருத்துவர்கள் அப்படி எழுதுவது அபூர்வம். விதியில் மட்டும் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

எனவே காகிதத்தில் நோயின் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தம்பியின் கோப்பில் பல இடங்களில் 'முக வலி' என்றுதான் இருந்தது. அது சும்மா ஒரு புகார், நோயின் பெயர் இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் போய், எந்த நரம்பு, எந்தக் கிளை, வலி எப்படி வருகிறது, எது தூண்டுகிறது என்று எழுதித் தரச் சொன்னோம். அவர் முக்கிளை நரம்பு வலி என்று நோயைப் பெயரிட்டு, விதியில் இருக்கும் அந்தப் பழைய பெயரையும் அடைப்புக்குள் போட்டுத் தந்தார். 2012-ல் உடைந்த எலும்பால் இது வந்திருக்க ஐம்பதுக்கு ஐம்பதாவது வாய்ப்பு உண்டு என்றும், ஏன் அப்படி நினைக்கிறார் என்றும் எழுதினார். இதைத்தான் 'நெக்ஸஸ் லெட்டர்' என்கிறார்கள். நிச்சயம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் தட்டுச் சமமாக நின்றால் தீர்ப்பு வீரர் பக்கம். சந்தேகத்தின் பலன் அவருக்கே என்று சட்டத்திலேயே இருக்கிறது.

நோய்க்குப் பெயரே கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது, வலி மட்டும் இருக்கும். ரொம்ப காலம் வெறும் வலியைக் குறைபாடாக ஏற்க மாட்டேன் என்றுதான் சொல்லி வந்தார்கள். 2018-ல் சாண்டர்ஸ் என்ற முன்னாள் படைவீரப் பெண்மணியின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அவருக்கு முழங்கால் வலி. வலியால் உடலின் செயல்பாடு குறைந்தால், நோய்ப் பெயர் இல்லாவிட்டாலும் அது குறைபாடுதான் என்று தீர்ப்பு. முகத்துக்கும் அது பொருந்தும். செயல்பாடு குறைந்ததைக் காட்ட வேண்டும், அதுதான் நிபந்தனை.

அதை எப்படிக் காட்டுவது? அதற்கு எங்களுக்கு உதவியது ஒரு காலண்டர். இங்கே இந்திய மளிகைக் கடையில் வருஷா வருஷம் தமிழ் மாதக் காலண்டர் தருவார்கள். ராகு காலம், எமகண்டம், பிரதோஷம் எல்லாம் போட்டது. அதை ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மாட்டி, வலி வந்த நாளில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தேன். புள்ளி மட்டும் போதாது என்று ஒரு வாரத்தில் புரிந்தது. 'வலி அதிகம்' என்று எழுதினாலும் படிக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. என்ன செய்ய முடியாமல் போனது என்று எழுதினால்தான் படம் தெரிகிறது. அதனால் கட்டத்துக்குள் நுணுக்கி நுணுக்கி எழுதினேன். 'பல் துலக்கவில்லை.' 'மதியம் மோர் மட்டும்.' 'வேலையில் போன் எடுக்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டான், இரண்டு மணி நேரச் சம்பளம் போச்சு.' 'பாப்பா முத்தம் கொடுக்க வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.' கடைசியாகச் சொன்னதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. என் மகளுக்கு அப்போது நாலு வயது.

வீட்டில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்ததைச் சாட்சியமாக எழுதிக் கொடுக்கலாம். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, 21-10210. நமக்கு நோயின் பெயரைத் தீர்மானிக்கும் தகுதி இல்லை. ஆனால் பார்த்ததைச் சொல்ல முழுத் தகுதி உண்டு. நான் இரண்டு பக்கம் எழுதினேன். இட்லி, சவரம், முகத்துத் துணி, மேசை விளிம்பு. மிகை ஒன்றும் இல்லை. நல்ல நாட்களையும் சொன்னேன், மாதத்தில் இத்தனை நாள் ஒன்றுமே இல்லை என்று. காலண்டரைப் படம் எடுத்து ஆறு மாதத்தையும் இணைத்தேன்.

முதல் முடிவு வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் இதையெல்லாம் புதிய ஆதாரமாகக் காட்டித் துணைக் கோரிக்கை போட்டோம். அந்த ஒரு வருஷத்துக்குள் போட்டால் பழைய தேதி அப்படியே நிற்கும், கூடும் தொகையும் அந்தத் தேதியிலிருந்து வரும். அதேபோல ஆரம்பத்திலேயே, ஒரு தாளும் சேர்க்காத நிலையில்கூட, 'விண்ணப்பிக்கப் போகிறேன்' என்று ஒரு அறிவிப்புப் பதிவு செய்துவிடலாம். அதிலிருந்து ஒரு வருஷம் அவகாசம், தேதியும் அன்றைக்கே பிடிக்கப்படும். தம்பிக்கு இதைச் சொன்னது ஒரு முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர். டிஏவி, அமெரிக்கன் லீஜன் மாதிரி சங்கங்களில் இந்த வேலைக்கென்றே அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், காசு வாங்க மாட்டார்கள். முதல் விண்ணப்பத்துக்கு உதவ யாரும் கட்டணம் கேட்கக் கூடாது என்பதுதான் சட்டம். கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். சவரம் செய்யவில்லை, துணியும் சுற்றியிருந்தான். மருத்துவர் பஞ்சு நுனியால் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி சரி, தாடை சரி. மூக்கோரம் தொட்டதும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். மருத்துவர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, அது அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு மெதுவாக, "இது ஒரு நாளைக்கு எத்தனை முறை?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். அப்புறம் அவனே சொன்னான், எல்லாவற்றையும். பாப்பா முத்தத்தையும் சொன்னான்.

முப்பது வந்தது. ஏற்கெனவே காதில் இரைச்சலுக்குப் பத்து உண்டு. முப்பதும் பத்தும் நாற்பது என்று நான் கூட்டினேன், விடை நாற்பதுதான், ஆனால் கணக்கு அப்படி இல்லை. முதலில் நூறில் முப்பதைக் கழித்து, மீதி எழுபதில் பத்து சதவீதம் ஏழு. ஆக முப்பத்தேழு, அதைப் பக்கத்துப் பத்துக்கு மாற்றினால் நாற்பது. ஐம்பதும் முப்பதும் இருந்தால் எண்பது ஆகாது. அறுபத்தைந்து ஆகி எழுபதில் நிற்கும். ஒரே தொந்தரவுக்கு இரண்டு தலைப்பில் வாங்கவும் முடியாது. தம்பிக்கு வரும் தலைவலியை மைக்ரேன் என்று தனியாகக் கேட்கலாமா என்று யோசித்தோம். அது நரம்பு வலியின் நீட்சிதான் என்று மருத்துவர் சொன்னதால் விட்டுவிட்டோம். ஆனால் தீராத வலியால் மனச்சோர்வு வந்தால் அது வேறு, அதைத் துணை நோயாகத் தனியே கேட்கலாம். தம்பி அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. மெல்லப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மருத்துவர் நரம்பில் ஊசி வழியாகச் செய்யும் ஒரு சிகிச்சையைச் சொன்னார். வலி குறையலாம். குறைந்தால் மறுபரிசோதனை வந்து ரேட்டிங்கும் குறையலாம் என்று எனக்கு ஒரு பயம், அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். "குறைச்சா குறைக்கட்டும்க்கா. எனக்குப் பொரிச்ச அப்பளம் கடிச்சுச் சாப்பிடணும்" என்றான். அடுத்த வாரத்துக்கு நாள் குறித்திருக்கிறோம்.

காலண்டரை இப்போது அவனே எழுதுகிறான். நேற்றுக் கட்டத்தில், என் எழுத்தைவிடப் பெரிய எழுத்தில், 'சவரம் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை' என்று இருந்தது. அதையும் படம் எடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன்.